பேச்சு இங்கிலீஷ் வார்த்தைகளை சூழலோட சேர்த்து கத்துக்கறது எப்படி? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தினம் பத்து வார்த்தை மனப்பாடம் பண்றேன், நோட்டே ரொம்பிருச்சு, ஆனா பேசப்போனா ஒன்னும் வாயில வரமாட்டேங்குது. ஏன்?

ஏன்னா நோட்டுல இருக்கறது ஒரு வார்த்தை, பக்கத்துல ஒரு தமிழ் அர்த்தம், அவ்ளோதான். அந்த வார்த்தையை யாரு யார்கிட்ட சொல்லுவாங்க, எந்த நேரத்துல சொல்லுவாங்க, எதோட சேர்த்து சொல்லுவாங்கங்கறது அதுல இல்லை, பேசறப்ப நமக்கு தேவைப்படறதே அதுதான். நம்ம தமிழையே பாருங்க. டீ போடறோம், சட்டை போடறோம், கோலம் போடறோம், கையெழுத்து போடறோம், சண்டை போடறோம், லீவுக்கு லெட்டர் போடறோம், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போடறோம். இதுல 'போடு'ன்னா இன்னின்ன அர்த்தம்னு யாரும் நமக்கு பட்டியல் குடுக்கல, வீட்ல அம்மா டீ போடறப்ப கேட்டோம், வாசல்ல கோலம் போடறப்ப கேட்டோம், அப்படியே ஒட்டிக்கிச்சு. இதே ஏழையும் இங்கிலீஷ்ல சொல்லணும்னா ஏழு வேற வினை வருது பாருங்க: மேக் டீ, புட் ஆன் எ ஷர்ட், டிரா எ கோலம், சைன் த ஃபார்ம், ஹேவ் எ ஃபைட், அப்ளை ஃபார் லீவ், டேக் எ நேப்.

அந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் இதே கதைதான். 'டேக்'னா எடுன்னு எழுதி வச்சிருப்பீங்க, ஆனா டேக் எ பஸ்னா பஸ்ல போறது, டேக் எ டேப்லெட்னா மாத்திரை போடறது, டேக் எ சீட்னா உக்காருங்க, இட் டேக்ஸ் டென் மினிட்ஸ்னா பத்து நிமிஷம் ஆகும். இதுல எதுலயும் 'எடு' இல்லை. அதனால நோட்டுல இனிமே வார்த்தையை தனியா எழுதாதீங்க, 'டேக் எ டேப்லெட்'னு துண்டா எழுதுங்க, கீழ அதை யார் சொன்னாங்க எதுக்கு சொன்னாங்கன்னு ஒரு வரி எழுதுங்க. பத்து வேண்டாம், மூணு போதும்.

கேள்வி: மொத்தம் எத்தனை வார்த்தை தெரிஞ்சா சமாளிக்கலாம்?

இந்தக் கேள்வியை ரொம்ப பேர் ஆராய்ஞ்சிருக்காங்க. 1930-ல சி.கே. ஆக்டன்னு ஒருத்தர் வெறும் 850 வார்த்தையில 'பேசிக் இங்கிலீஷ்'னு ஒன்னு கொண்டு வந்தார். 1953-ல மைக்கேல் வெஸ்ட் சுமார் 2000 வார்த்தை கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார், ஜெனரல் சர்வீஸ் லிஸ்ட்னு பேரு, இவர் டாக்காவுல வங்காளிப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கற வேலையில பல வருஷம் இருந்தவர், அதனால நம்மள மாதிரி ஆளுங்களோட கஷ்டம் அவருக்கு நல்லாவே தெரியும். லாங்மேன் மாணவர் அகராதியில எந்த வார்த்தைக்கு விளக்கம் எழுதினாலும் சுமார் 2000 எளிய வார்த்தைக்குள்ளயே எழுதறாங்க. ஆக, வீடு கடை ஆபீஸ் பேச்சுக்கு ஒரு 2000 இருந்தா தாராளமா ஓட்டிரலாம், அதுல பாதி உங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கும்.

ஆனா இதுல கவனிக்க வேண்டியது ஒன்னு இருக்கு. ஆக்டன் எப்படி 850-ல முடிச்சார்னா வினைச்சொல்லை வெறும் 18-ஆ குறைச்சுட்டார், கெட், புட், டேக், கிவ், கோ, கம் இந்த மாதிரி. அதுங்களோட அப், ஆஃப், அவுட், இன்னு சேர்த்து எல்லாத்தையும் சொல்லணும். வார்த்தை குறைஞ்சுது, ஆனா சுமை அப்படியே சேர்க்கைக்கு மாறிருச்சு. 'புட்' தெரியும், 'அப்' தெரியும், 'வித்' தெரியும், ஆனா 'புட் அப் வித்'னா சகிச்சுக்கறதுன்னு மூணையும் தெரிஞ்சவங்களுக்குக்கூட தானா புரியாது. அதனால எண்ணிக்கையை வச்சு சந்தோஷப்படவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

கேள்வி: அந்த ஃப்ரேசல் வெர்ப், அதாவது 'புட் அப் வித்' மாதிரி சேர்ந்து வர்ற வினைதான் எனக்கு பயமே. எப்படி பிடிக்கிறது?

தமிழ் பேசறவங்க இதுக்கு பயப்படவே தேவையில்லைன்னு நான் உறுதியா சொல்வேன், ஏன்னா இந்த வித்தை நம்ம மொழியிலயே நிறைய இருக்கு. விட்டுக்கொடுன்னு சொல்றோம், அதுல விடறதும் இல்லை கையில கொடுக்கறதும் இல்லை. கண்டுபிடி, தள்ளிப்போடு, ஏத்துக்கோ, பார்த்துக்கோ எல்லாம் இப்படித்தான், ரெண்டு சொல் சேர்ந்து மூணாவதா ஒன்னு சொல்லுது. 'தள்ளிப்போடு'ங்கற இடத்துல 'புட் ஆஃப்', 'பார்த்துக்கோ'ங்கற இடத்துல 'லுக் ஆஃப்டர்', 'கண்டுபிடி'ங்கற இடத்துல 'ஃபைண்ட் அவுட்'.

பட்டியலா படிக்காதீங்க, ஒரு இடத்தை எடுத்துக்கோங்க. உதாரணத்துக்கு ஆபீஸ் மீட்டிங். மீட்டிங்கை வியாழக்கிழமைக்கு தள்ளி வச்சா புட் ஆஃப், மொத்தமா ரத்து பண்ணிட்டா கால் ஆஃப், மேனேஜர் ஒரு பிரச்சனையை எடுத்தா பிரிங் அப், அதை விசாரிக்கறேன்னு சொன்னா லுக் இன்டு, வேலையை பிரிச்சு குடுத்துட்டு நீங்க இதை எடுத்துக்கோங்கன்னா டேக் ஆன், நேரம் பத்தலைன்னா வி ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம். ஒரே மீட்டிங்ல ஆறு வந்துருச்சு. அடுத்த மீட்டிங்ல காதை தீட்டிட்டு உக்காருங்க, இதுல குறைஞ்சது ரெண்டு உங்க காதுல விழும். அந்த 'ரன் அவுட் ஆஃப்' வீட்டுக்கும் வரும்: கேஸ் தீந்துருச்சுன்னா வி'வ் ரன் அவுட் ஆஃப் கேஸ், மொபைல் டேட்டா தீந்தாலும் அதேதான்.

இங்க நம்மாளுங்க நிறைய தடுக்கி விழற இடம் ஒன்னு: அவனை, என்னை, அதைங்கற சொல் நடுவுல வரணும். பிக் மீ அப் அட் சிக்ஸ், டர்ன் இட் ஆஃப். 'பிக் அப் மீ'னு சொல்றது வராது. ஆனா எல்லாத்துக்கும் இப்படி நடுவுல போடவும் கூடாது, 'லுக் இன்டு இட்', 'லுக் ஆஃப்டர் ஹர்' இதெல்லாம் கடைசியிலதான். இதுக்கு விதி இருக்கு, ஆனா விதியை விட ரெண்டு மூணு வாக்கியத்தை வாயால சொல்லிப் பழகிட்டா தானா வந்துரும்.

கேள்வி: ஒரே வார்த்தைக்கு இடத்துக்கு இடம் அர்த்தம் மாறுதே, எல்லாத்தையும் எப்படி ஞாபகம் வச்சுக்கறது?

'மைண்ட்'னு ஒரு வார்த்தையை மட்டும் நிதானமா பார்ப்போம். மனசுன்னுதான் ஸ்கூல்ல படிச்சோம். லண்டன் பாதாள ரயில்ல 1968-லேர்ந்து 'மைண்ட் த கேப்'னு ஒரு அறிவிப்பு வருது, ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல இடைவெளி இருக்கு பார்த்து கால் வைங்கன்னு அர்த்தம். ஒருத்தர் சாரி கேட்டா 'நெவர் மைண்ட்', பரவால்ல விடுங்க. முடிவு பண்ண முடியாம தவிச்சா 'ஐ கான்ட் மேக் அப் மை மைண்ட்'. முடிவை மாத்திக்கிட்டா 'ஐ சேஞ்ச்டு மை மைண்ட்'. இதை ஞாபகம் வச்சுக்கோங்கன்னா 'கீப் இட் இன் மைண்ட்'. ஏசி போட்டா பரவால்லையான்னு கேக்க 'டூ யூ மைண்ட் இஃப் ஐ டர்ன் ஆன் த ஏசி?'

இந்த கடைசி கேள்விக்கு பதில்தான் நம்மளை மாட்டி விடும். அவங்க கேக்கறது உங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு. அதனால தாராளமா போடுங்கன்னு சொல்ல 'நோ, நாட் அட் ஆல்' சொல்லணும். நாம பழக்கத்துல 'யெஸ் யெஸ்'னு சொன்னா ஆட்சேபணை இருக்குன்னு ஆயிரும். முகத்துல சிரிப்பு இருந்தா அவங்க புரிஞ்சுப்பாங்க, ஆனா போன்லயும் மெயில்லயும் முகம் தெரியாதே. இந்த ஆறு இடத்தையும் ஆறு நாள்ல சந்திச்சா போதும், ஒரே நாள்ல ஆறையும் எழுதி வச்சா குழம்பும்.

கேள்வி: நம்ம ஊர்ல பேசற இங்கிலீஷ் தப்பா? ஃபாரின் கிளையன்ட்கிட்ட பேசறப்ப கூச்சமா இருக்கு.

தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நம்ம நாட்டு இங்கிலீஷ் இந்த மண்ணுல வளர்ந்தது, ஒரு விஷயத்தை முன்கூட்டியே வைக்கறதுக்கு நாம சொல்ற 'ப்ரிபோன்' ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலயே ஏறிருச்சு. கட்டுமரம் அங்க போய் 'கேட்டமரான்' ஆச்சு, மிளகுத்தண்ணி 'மல்லிகட்டானி' ஆச்சு, அவங்க நம்மகிட்ட வாங்கினதும் இருக்கு. எதிர்ல உக்கார்ந்திருக்கறவருக்கு புரியுமாங்கறது மட்டும்தான் கணக்கு. சில வார்த்தை அங்க வேற அர்த்தம் குடுக்கும், அதை மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோங்க.

'ஐ பாஸ்டு அவுட் இன் 2019'னு சொன்னா வெளிநாட்டுக்காரர் மயங்கி விழுந்துட்டீங்களான்னு நினைப்பார், 'ஐ கிராஜுவேட்டட் இன் 2019' சொல்லுங்க. சென்னை பரங்கிமலையில ராணுவ அதிகாரிகளுக்கு பாசிங் அவுட் பரேடு நடக்குதே, அந்த பிரிட்டிஷ் ராணுவ வழக்குல பயிற்சி முடிக்கறதுக்கு இந்த சொல் இருக்கு, நாம அதையே காலேஜுக்கும் வச்சுக்கிட்டோம். 'ஐ ஹேவ் எ டவுட்'னா நீங்க சொல்றதை நான் நம்பலைங்கற மாதிரி தொனிக்கும், 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' நல்லது. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' புரியாது, 'அவுட் ஆஃப் டவுன்'. 'ரிவர்ட்'னு மெயில்ல போடறோம், அங்க அதுக்கு பழைய நிலைக்கே திரும்பறதுன்னு அர்த்தம், 'கெட் பேக் டு மீ'னு எழுதலாம். 'டூ த நீட்ஃபுல்' பழைய ஆபீஸ் கடிதத்துலேர்ந்து நம்மகிட்ட தங்கிட்டது, என்ன பண்ணணுமோ அதை நேரா கேட்டுருங்க.

கேள்வி: தமிழ் பேசறப்ப இவ்ளோ இங்கிலீஷ் வார்த்தை கலக்கறோமே, அது உதவாதா?

உதவும், ரொம்பவே. ஆனா தமிழுக்குள்ள வந்து தங்கின வார்த்தை தமிழ் வார்த்தையா மாறிருச்சுங்கறதை மறக்கக் கூடாது. கடையில 'பேலன்ஸ் குடுங்க'ன்னு மீதிச் சில்லறை கேக்கறோம், இங்கிலீஷ்ல அது 'சேஞ்ச்'. 'ஃபேன் ரிப்பேர்'னு சொல்றோம், அங்க ரிப்பேர்னா சரி பண்றது, கெட்டுப்போனதுக்கு 'த ஃபேன் இஸ்ன்ட் வொர்க்கிங்'. 'ஃபீல் பண்ணாத'ன்னா வருத்தப்படாத, இங்கிலீஷ்ல ஃபீல்னு மட்டும் சொன்னா எந்த உணர்வுன்னே தெரியாது, 'டோன்ட் ஃபீல் பேட்'. கரண்ட் போச்சுன்னா 'த பவர்ஸ் அவுட்'. ஹோட்டல்ல சாப்பிட்டேன்னா அங்க தங்கற லாட்ஜ்லன்னு நினைப்பாங்க, சாப்பாட்டுக்கு 'ரெஸ்டாரன்ட்'. 'ஸ்டெப்னி' இன்னும் சுவாரசியம்: 1904 வாக்குல வேல்ஸ்ல லனெத்லிங்கற ஊர்ல ஸ்டெப்னி தெருவுல ஆரம்பிச்ச ஒரு கம்பெனி மாத்துச் சக்கரம் செஞ்சு வித்துச்சு, அந்த பேரு நம்ம ஊர் வண்டியில இன்னைக்கும் இருக்கு, ஆனா இங்கிலாந்துல இப்ப ஸ்டெப்னின்னா முழிப்பாங்க, 'ஸ்பேர் டயர்' சொல்லணும்.

கேள்வி: இங்கிலீஷ்ல 'ங்க' இல்லையே, மரியாதையா எப்படி பேசறது?

நல்ல கேள்வி, இதைப் பத்தி கிளாஸ்கள்ல ரொம்ப குறைவாத்தான் பேசறாங்க. தமிழ்ல மரியாதை வினையோட வாலுல உக்கார்ந்திருக்கு, குடு-குடுங்க, வா-வாங்க. இங்கிலீஷ்ல அந்த வால் இல்லாததால வாக்கியத்தோட தலையில வைக்கறாங்க. 'கிவ் மீ த ஃபைல்'ங்கறது 'ஃபைலை குடு'. அதுல ப்ளீஸ் ஒட்டினாலும் ஆர்டர் வாடை போகாது. 'குட் யூ சென்ட் மீ த ஃபைல்?'னா குடுங்க. 'ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் சென்ட் மீ த ஃபைல்'னா கொஞ்சம் சிரமம் பார்க்காம அனுப்ப முடியுங்களா. அதுல 'வாஸ்', 'குட்' எல்லாம் இறந்தகாலமா வந்தாலும் நடக்கறது இப்பதான், காலத்தை பின்னாடி தள்ளி தூரத்தை காட்டறாங்க, தூரம்தான் அவங்களுக்கு மரியாதை. கடையில 'ஐ வான்ட் எ காபி' கொஞ்சம் முரட்டுத்தனம், 'குட் ஐ கெட் எ காபி, ப்ளீஸ்?'

நம்ம சில வழக்கத்தை நேரா மாத்தவே முடியாது. போன்ல 'சொல்லுங்க'ங்கறதை 'டெல் மீ'னா கட்டளை மாதிரி விழும், 'ஹை, ஹவ் கேன் ஐ ஹெல்ப்?' சொல்லுங்க. 'போய்ட்டு வரேன்'க்கு 'சீ யூ லேட்டர்'. பஸ்ல 'கொஞ்சம் வழி விடுங்க'ன்னா ஒரு 'எக்ஸ்கியூஸ் மீ' போதும். 'சாப்டீங்களா'ன்னு கேட்டு பாசம் காட்டறது நம்ம வழக்கம், லண்டன்ல ஒருத்தர்கிட்ட கேட்டா நீங்க சாப்பிட கூப்பிடறீங்கன்னு நினைச்சுக்கலாம், அந்த இடத்துல 'ஹவ்ஸ் யுவர் டே கோயிங்?' பொருந்தும்.

கேள்வி: வெளிநாட்டுல டாக்டர்கிட்ட போனா வலியை சொல்லத் தெரியல, 'பெயின் பெயின்'னு மட்டும்தான் வருது.

இது உயிர் சம்பந்தப்பட்ட இடம், இங்க வார்த்தை நிஜமாவே முக்கியம், ஏன்னா எந்த மாதிரி வலிங்கறதை வச்சுத்தான் அவங்க அடுத்த கேள்வியே கேப்பாங்க. தமிழ்ல நமக்கு வலிக்கு எவ்ளோ சொல் இருக்கு பாருங்க. விண்ணு விண்ணுன்னு தெறிச்சா 'த்ராபிங்', சுருக்குன்னு குத்தினா 'ஷார்ப்' இல்ல 'ஸ்டாபிங்', எரிஞ்சா 'பர்னிங்', மந்தமா வலிச்சுக்கிட்டே இருந்தா 'டல் ஏக்', மரத்துப்போனா 'நம்ப்', ஊசி குத்தற மாதிரி குறுகுறுன்னா 'பின்ஸ் அண்ட் நீடில்ஸ்', இழுத்துப் பிடிச்சா 'கிராம்ப்'. நெஞ்சு இறுக்கமா இருந்தா 'மை செஸ்ட் ஃபீல்ஸ் டைட்', இதை சொல்ல ஒரு நிமிஷம்கூட தயங்கக் கூடாது. விட்டு விட்டு வலிச்சா 'இட் கம்ஸ் அண்ட் கோஸ்'. எப்பலேர்ந்துன்னு கேட்டா 'சின்ஸ் யெஸ்டர்டே', இல்ல 'ஃபார் த்ரீ டேஸ்'. வாந்தி வர மாதிரி இருந்தா 'ஐ ஃபீல் லைக் த்ரோயிங் அப்'. 'லூஸ் மோஷன்' பல இடத்துல புரியாது, 'டயரியா'. உடம்பு சூடு பிடிச்சிருச்சுன்னு நாம சொல்றதுக்கு அங்க சொல்லே கிடையாது, 'ஹீட்'னு சொல்லி நிறுத்தாம என்ன பண்ணுதுன்னு சொல்லுங்க, ஒன்னுக்கு போறப்ப எரியுதுன்னா 'இட் பர்ன்ஸ் வென் ஐ பாஸ் யூரின்'. போறதுக்கு முன்னாடி ரெண்டு வாக்கியம் பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போங்க, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கேள்வி: தமிழ் அர்த்தம் போட்ட டிக்ஷனரி நல்லதா, இங்கிலீஷ்-இங்கிலீஷா?

கண்ணால பார்க்கற பொருளுக்கு தமிழே போதும், 'டர்மரிக்'னா மஞ்சள், முடிஞ்சுது. குணம், உணர்வு, செயல் இதுக்கெல்லாம் மாணவர்களுக்குன்னே எழுதின இங்கிலீஷ் அகராதிதான் கை குடுக்கும். இந்த வகை அகராதிக்கு வழி போட்டவர்ல முக்கியமானவர் ஏ.எஸ். ஹார்ன்பி, ஜப்பான்ல இங்கிலீஷ் சொல்லிக்குடுத்தவர், அவரோட அகராதி முதல்ல 1942-ல டோக்கியோவுலதான் வந்துச்சு, அப்புறம்தான் ஆக்ஸ்ஃபோர்ட் எடுத்துக்கிச்சு. 1987-ல வந்த கோபில்ட் அகராதி விளக்கத்தையே முழு வாக்கியமா எழுதுச்சு, அந்த வார்த்தை எப்படி உக்காருங்கறது அதுலயே தெரியும். இப்ப ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூணுமே நெட்ல இலவசமா பார்க்கலாம். திறந்த உடனே உதாரண வாக்கியத்துக்கு போங்க, அப்புறம் ஸ்பீக்கர் படத்தை அமுக்கி கேளுங்க.

கேள்வி: உச்சரிப்பை தமிழ்ல எழுதி வச்சுக்கலாமா?

இங்க நான் தமிழ் எழுத்துல எழுதினது படிச்சுட்டுப் போக வசதிக்குத்தான், உங்க நோட்டுல அப்படி எழுதாதீங்க. 'பேக்'னு எழுதினா அது பையா, முதுகா, மூட்டை கட்டறதா, கேக் சுடறதான்னு ஒரு வாரம் கழிச்சு உங்களுக்கே தெரியாது, நாலுக்கும் இங்கிலீஷ்ல சத்தம் வேற. இங்கிலீஷ் எழுத்து, கூடவே காதுல கேட்ட சத்தம், இதுதான் வழி.

கேள்வி: படிச்சா புரியுது, அவங்க பேசினா புரியல.

அவங்க வார்த்தையை ஒட்டிப் பேசறாங்க. 'வாட் டூ யூ வான்ட் டு டூ' காதுல 'வாட்டயா வானா டூ'ன்னு விழும், 'கோயிங் டு' 'கோனா' ஆயிரும். நாமளும் 'வந்து கொண்டிருக்கிறேன்'னு எழுதிட்டு 'வந்துட்ருக்கேன்'னுதானே பேசறோம். ஒரு ரெண்டு நிமிஷ வீடியோவை எடுத்து முதல்ல சப்டைட்டில் இல்லாம, அப்புறம் இங்கிலீஷ் சப்டைட்டிலோட, மறுபடியும் இல்லாம பாருங்க. தமிழ் சப்டைட்டில் போட்டா கண்ணு கதையை படிக்கும், காது தூங்கிரும். பிபிசியோட '6 மினிட் இங்கிலீஷ்' இதுக்கு ரொம்ப பொருத்தம். அமெரிக்க வானொலி விஓஏ 1959-லயே சுமார் 1500 வார்த்தையில மெதுவா செய்தி வாசிக்க ஆரம்பிச்சாங்க, அந்த பழைய ஒலிப்பதிவு கிடைச்சாலும் ஆரம்பத்துல நல்லது.

கேள்வி: படிச்சது நாலு நாள்ல மறந்துருது, வயசாயிருச்சா?

வயசு காரணம் இல்லை. ஜெர்மனியில எபிங்ஹாஸ் 1885-லயே மறதியை தன் மேலயே சோதிச்சு எழுதினார், திரும்பப் பார்க்கலைன்னா முதல் ஒன்னு ரெண்டு நாள்லயே பெரும்பகுதி போயிருது. மறக்கப்போற நேரத்துல திரும்பப் பார்த்தா அடுத்த தடவை கூட நாள் நிக்கும். 1970-கள்ல லைட்னர்ங்கறவர் இதை அட்டைப்பெட்டி முறையா ஆக்கினார்: சரியா சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்கு போகும், அதை கொஞ்ச நாள் கழிச்சு பார்த்தா போதும், தப்பா சொன்னது முதல் பெட்டிக்கே வந்துரும். இன்னைக்கு ஆங்கி ஆப் அதே மாதிரி வேலையை போன்லயே பண்ணுது. அட்டையில ஒத்தை வார்த்தை போடாம, இடம் விட்ட வாக்கியம் போடுங்க, 'வி ஹேவ் ரன் ____ ஆஃப் மில்க்' மாதிரி.

கேள்வி: பேசிப் பழக ஆளே இல்லை.

கஸ்டமர் கேருக்கு போன் பண்றப்ப தமிழுக்கு பதிலா இங்கிலீஷ் ஆப்ஷனை அமுக்குங்க, அங்க பேச வேண்டிய விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியும், அதனால பயம் கம்மி. வீட்ல இருக்கற பொருள்லயே வாக்கியம் இருக்கு: சிரப் பாட்டில்ல 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்', மாத்திரை அட்டையில 'கீப் அவுட் ஆஃப் ரீச் ஆஃப் சில்ட்ரன்', பிஸ்கட் பாக்கெட்ல 'ஸ்டோர் இன் எ கூல், ட்ரை ப்ளேஸ்'. இதையே எடுத்து 'புட் இட் அவுட் ஆஃப் ஹிஸ் ரீச்'னு மாத்தி சொல்லிப் பாருங்க. அன்னைக்கு நடந்ததை ஒரு நிமிஷம் போன்ல ரெக்கார்டு பண்ணுங்க, எங்க வார்த்தை கிடைக்காம நின்னீங்களோ அதுதான் நாளைக்கு கத்துக்க வேண்டியது. ஏஐ சாட்டையும் பயன்படுத்தலாம், 'நீ வீட்டு ஓனர், நான் வாடகைக்கு வீடு கேக்கறேன்'னு வேஷம் குடுத்து பேச வைங்க.

கேள்வி: இடியம், அதான் மரபுத்தொடர், எல்லாம் படிக்கணுமா?

'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டுதுன்னு அர்த்தம்) மாதிரியானதை கேட்டா புரிஞ்சா போதும், சொல்ல வேண்டாம், இப்ப பேச்சுல அதை கேக்கறதே அபூர்வம். அதுக்கு பதிலா தினம் வாயில உருளற சின்னதுங்களை பிடிங்க: 'இட் டிபெண்ட்ஸ்', 'மேக்ஸ் சென்ஸ்', 'இட்ஸ் அப் டு யூ', 'ஐ'ம் ஆன் மை வே', 'ஃபேர் இனஃப்', 'லெட் மீ திங்க்'. கடைசியா சொன்னது யோசிக்க நேரம் வாங்கிக் குடுக்கும், அதை முதல்ல கத்துக்கோங்க.

கேள்வி: மகன் அமெரிக்காவுல, பேரனுக்கு தமிழ் கொஞ்சம்தான் வரும், நாங்க ஆறு மாசம் போய் தங்கப்போறோம். எங்க ஆரம்பிக்கறது?

குழந்தைகிட்ட பேசறதுல பெரிய வசதி, ஒரே வாக்கியம் தினமும் திரும்பி வரும். 'ஷோ மீ', 'லெட் மீ சீ', 'வாட் ஆர் யூ டூயிங்?', 'டு யூ வான்ட் சம் மோர்?', 'பி கேர்ஃபுல்', 'ஹோல்ட் மை ஹேண்ட்', 'டேக் யுவர் டைம்', 'இட்ஸ் டைம் ஃபார் பெட்'. குளிக்கற நேரம், சாப்பிடற நேரம், பார்க்குன்னு இடம் இடமா பிரிச்சு நாலு நாலு வாக்கியம் வச்சுக்கோங்க, போறதுக்கு முன்னாடி வீடியோ கால்லயே ஆரம்பிச்சுருங்க. புரியலைன்னா 'சே இட் அகெய்ன், கண்ணா'ன்னு கேளுங்க, அவனுக்கு சொல்லிக்குடுக்கறதுன்னா ரொம்ப பிடிக்கும். நீங்களும் அந்த நாலு வாக்கியத்தை தமிழ்ல திரும்பச் சொல்லுங்க, அவனும் அதே மாதிரிதான் தமிழ் பிடிப்பான்.